ஸ்கிரிப்ட் பேசாமல் போனால் யாருக்குத் தெரியும்?

புதிதாக ஒரு லினக்ஸ் சர்வர் கைக்கு வந்தால் நான் முதலில் செய்யும் வேலைகளில் ஒன்று, அதில் ஒரு மானிட்டரிங் ஏஜென்டை, அதாவது சர்வரின் நிலையை அளந்து சொல்லும் சிறு நிரலைப் போடுவது. பெரும்பாலும் புராமிதியஸ் என்ற மானிட்டரிங் மென்பொருளுக்கு எண்களைக் கொடுக்கும் நோட் எக்ஸ்போர்ட்டர்தான். ஓடவிட்டு 9100 போர்ட்டைத் திறந்து பார்த்தால் நூற்றுக்கணக்கான வரிகள் வந்து கொட்டும். சிபியு எவ்வளவு நேரம் சும்மா இருந்தது, மெமரி எவ்வளவு மிச்சம், டிஸ்க்கில் எத்தனை பைட் காலி, நெட்வொர்க்கில் எத்தனை பாக்கெட் தவறிப்போனது, எல்லாம் இருக்கும். நேற்று ராத்திரி டேட்டாபேஸ் பேக்கப் ஒழுங்காக எடுக்கப்பட்டதா என்பது மட்டும் இருக்காது. அனுப்ப வேண்டிய இன்வாய்ஸ்கள் வரிசையில் எத்தனை தேங்கிக் கிடக்கின்றன என்பதும் இருக்காது.

ஏஜென்டைக் குறை சொல்ல முடியாது. அதற்கு இயந்திரத்தைத் தெரியும், நம் வேலையைத் தெரியாது. அதனால்தான் ஏறக்குறைய எல்லா ஏஜென்டுகளும் ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கின்றன: நீ ஒரு ஸ்கிரிப்ட் எழுதி எண்ணைக் கொடு, நான் கொண்டுபோய்ச் சேர்க்கிறேன். அந்த வாசல் வழியாக ஒரு எண்ணை அனுப்புவது பெரிய வித்தை கிடையாது. அந்த ஸ்கிரிப்ட் ஒருநாள் ஓடாமல் நின்றுபோனால் அதை யார் கவனிப்பார்கள் என்பதுதான் என் கவலையெல்லாம். இந்தப் பதிவு முழுக்க அதைப் பற்றித்தான்.

2017 ஜனவரி 31 அன்று, நிரல்களைச் சேமித்து வைக்கும் சேவையை நடத்தும் கிட்லேப் நிறுவனத்தில் நடந்ததை இந்தத் துறையில் இருக்கும் பலரும் கேள்விப்பட்டிருப்பார்கள். ரெப்ளிகேஷனில் (முதன்மை டேட்டாபேஸின் நகலைத் துணை சர்வரில் பராமரிப்பது) வந்த சிக்கலைச் சரிசெய்துகொண்டிருந்த பொறியாளர் ஒருவர், துணை டேட்டாபேஸ் சர்வரில் அழிக்க வேண்டிய டைரக்டரியை முதன்மை சர்வரில் அழித்துவிட்டார். ஓரிரு நொடிகளில் கவனித்து நிறுத்தியும் சுமார் 300 ஜிபியில் 4.5 ஜிபிதான் மிஞ்சியது. சரி, பேக்கப்பிலிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்று அமேசான் எஸ்3 பக்கெட்டைத் திறந்தால் அது காலி. டேட்டாபேஸ் போஸ்ட்கிரஸ் 9.6-இல் ஓடிக்கொண்டிருக்க, பேக்கப் வேலை 9.2 பதிப்பின் டம்ப் கருவியை (டேட்டாபேஸ் முழுவதையும் ஃபைலாக எழுதுவது) பிடித்து ஓட்டியிருக்கிறது. பதிப்பு பொருந்தாததால் பிழை காட்டி நின்றிருக்கிறது. அந்தப் பிழையைச் சொல்வதற்காக, குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரான் அனுப்பிய மின்னஞ்சல்களும் டிமார்க் என்ற அனுப்புநர் சோதனையில் தேறாமல் நிராகரிக்கப்பட்டு, யார் கைக்கும் வந்து சேரவில்லை.

விபத்துக்கு ஆறு மணி நேரம் முன்பு, வேறு வேலைக்காகக் கையால் எடுத்து வைத்திருந்த எல்விஎம் ஸ்னாப்ஷாட் (டிஸ்க்கின் அந்த நேரத்து நகல்) ஒன்று இருந்ததால் அவர்கள் தப்பித்தார்கள். அதற்கும் விபத்துக்கும் இடையில் வந்த தரவு போனது போனதுதான்: ஏறத்தாழ 5000 புராஜெக்டுகள், 5000 கமென்டுகள், 700 புதிய பயனர் கணக்குகள் பாதிக்கப்பட்டன. நடந்ததை அப்படியே வெளிப்படையாக எழுதினார்கள், மீட்பு வேலையை யூடியூபில் நேரலையாகவே காட்டினார்கள். அந்த நேர்மைக்கு இன்றும் எனக்கு மரியாதை உண்டு.

இதைப் பலரும் 'முதன்மை சர்வரில் கவனமாகக் கை வை' என்ற பாடமாகச் சொல்கிறார்கள். என்னைப் பொறுத்தவரை இது முழுக்க முழுக்க மானிட்டரிங் விஷயம். பேக்கப் ஸ்கிரிப்ட் சத்தமில்லாமல் சாகவில்லை, ஒவ்வொரு முறையும் பிழையைக் கத்திச் சொல்லிவிட்டுத்தான் செத்தது. அந்தச் சத்தம் போன வழி அடைபட்டிருந்தது. வழி அடைபட்டிருக்கிறது என்பதைச் சொல்ல யாரும் இல்லை. 'தோற்றால் சொல்லு' என்று ஸ்கிரிப்டிடம் ஒப்படைத்துவிட்டு இருந்தால் எங்கேயும் இப்படித்தான் ஆகும். 'ஜெயித்தால் சொல்லு, நீ சொல்லாவிட்டால் நான் தோல்வி என்று எடுத்துக்கொள்கிறேன்' என்பதுதான் பேச்சாக இருக்க வேண்டும்.

அப்படியானால் ஜெயித்ததை ஸ்கிரிப்ட் எப்படித் தெரிந்துகொள்ளும்? இங்கேயே முதல் பள்ளம் இருக்கிறது. ஷெல்லில் பேக்கப் எடுப்பவர்கள் பெரும்பாலும் டம்ப் கட்டளையின் வெளியீட்டைப் பைப் போட்டு, அதைச் சுருக்கும் ஜிஜிப் கட்டளைக்கு அனுப்பி, வருவதை ஒரு ஃபைலில் சேமிப்பார்கள். அந்த முழு வரிக்கும் ஷெல் தருகிற எக்ஸிட் கோடு (வெற்றியா தோல்வியா என்று சொல்லும் எண்), கடைசியாக இருக்கும் கட்டளையுடையது. அதாவது ஜிஜிப்புடையது. கடவுச்சொல் மாறிப்போய் டம்ப் முதல் நொடியிலேயே விழுந்தால் என்ன ஆகும்? ஜிஜிப்புக்கு எதுவுமே வராது. அது அந்த வெறுமையைச் சுருக்கி, முறையாக ஒரு ஃபைலை உருவாக்கி, பூஜ்ஜியம் என்ற வெற்றிக் கோடோடு வெளியே வரும். தேதி இன்றைய தேதி, பெயர் சரியான பெயர், திறந்து பார்த்தால் செல்லுபடியாகும் ஜிஜிப் ஃபைல். அளவு மட்டும் 20 பைட். தலைப்புக்கு 10, வெறும் தரவுக்கு 2, கடைசியில் சரிபார்ப்புக்கும் நீளத்துக்கும் 8. டைரக்டரியில் வரிசையாக 20 பைட் ஃபைல்கள் நிற்பதைப் பார்த்தவர்களுக்கு அந்த எண் மறக்காது.

பாஷில் பைப்ஃபெயில் என்ற அமைப்பை ஸ்கிரிப்டின் தொடக்கத்திலேயே போட்டுவிட்டால் இந்தப் பள்ளம் மூடிவிடும், நடுவில் எந்தக் கட்டளை விழுந்தாலும் வரி முழுவதும் தோல்வி. அதோடு விடாமல் நான் டம்பின் கடைசி சில வரிகளையும் பார்க்கச் சொல்வேன். போஸ்ட்கிரஸின் சாதாரண எழுத்து டம்பும் சரி, மைஎஸ்க்யூஎல் டம்பும் சரி, வழக்கமான அமைப்பில் முழுதாக முடிந்தால் கடைசியில் 'டம்ப் முடிந்தது' என்று ஒரு கமென்ட் வரியை எழுதும். அது இருந்தால்தான் வெற்றி. அப்புறம் ஃபைலின் அளவையும் பைட்டில் ஒரு தனி மெட்ரிக்காக (அளவீடாக) அனுப்புங்கள். நேற்று 8 ஜிபி இருந்தது இன்று 3 ஜிபி என்றால், எக்ஸிட் கோடு என்ன சொன்னாலும் யாராவது போய்ப் பார்த்தாக வேண்டும்.

இப்போது அனுப்பும் வழிக்கு வருவோம். நோட் எக்ஸ்போர்ட்டரில் இருக்கும் வாசலுக்கு டெக்ஸ்ட்ஃபைல் கலெக்டர் என்று பெயர். ஏஜென்டைத் தொடங்கும்போது ஒரு டைரக்டரியைக் காட்டிவிட வேண்டும். அதற்குள் 'புரோம்' என்ற நீட்சியுடன் இருக்கும் ஃபைல்களை, புராமிதியஸ் வந்து கேட்கும் ஒவ்வொரு முறையும் ஏஜென்ட் படித்துத் தன் வரிகளோடு சேர்த்துக் கொடுக்கும். ஃபைலில் ஒரு வரிக்கு ஒரு மெட்ரிக்: பெயர், தேவையென்றால் லேபிள்கள், ஓர் இடைவெளி, எண். அவ்வளவுதான். ஏஜென்ட் உங்கள் ஸ்கிரிப்டை ஓட்டாது. அதை எப்போது ஓட்டுவது, எந்தப் பயனராக ஓட்டுவது என்பதெல்லாம் உங்கள் கிரான் அல்லது சிஸ்டம்டி டைமரின் பொறுப்பு. எனக்கு இந்த ஏற்பாடு ரொம்பப் பிடிக்கும். பேக்கப் எடுக்க அரை மணி நேரம் ஆனாலும் ஏஜென்ட் காத்துக்கொண்டு நிற்காது, ஏஜென்டுக்கு டேட்டாபேஸ் கடவுச்சொல்லையும் தர வேண்டாம்.

ஆனால் ஃபைலை எழுதும் விதத்தில் கவனம் வேண்டும். ஸ்கிரிப்ட் நேராக அந்த ஃபைலில் எழுதிக்கொண்டிருக்கும்போது, மூன்று வரி எழுதி முடித்து நான்காவது வரியின் பாதியில் இருக்கும் கணத்தில் ஏஜென்ட் வந்து படித்தால், அதற்குக் கிடைப்பது பாதி ஃபைல். சில நேரம் அது பிழையாக முடியும். அது பரவாயில்லை, தெரிந்துவிடும். மற்ற நேரங்களில் சில மெட்ரிக்குகள் மட்டும் ஒரு சுற்று காணாமல் போய்த் திரும்பி வரும், காரணம் தேடித் தேடி அலுத்துப் போவோம். எனவே வேறு பெயரில் ஒரு தற்காலிக ஃபைலில் முழுவதையும் எழுதி முடித்து, அப்புறம் எம்வி கட்டளையால் சரியான பெயருக்கு மாற்ற வேண்டும். ஒரே ஃபைல் சிஸ்டத்துக்குள் பெயர் மாற்றுவது ஒரே வீச்சில் நடக்கும். படிப்பவருக்கு ஒன்று பழைய ஃபைல் முழுதாகக் கிடைக்கும், இல்லையென்றால் புதியது முழுதாகக் கிடைக்கும். தற்காலிக ஃபைலை டெம்ப் டைரக்டரியில் வைத்தால் இந்தப் பலன் கிடைக்காமல் போகலாம். பல லினக்ஸ்களில் அது வேறு ஃபைல் சிஸ்டம், அங்கிருந்து எம்வி செய்வது உண்மையில் நகலெடுத்து அழிப்பதுதான். அதே டைரக்டரியில், 'புரோம்' என்று முடியாத பெயரில் வையுங்கள்.

அங்கே இன்னொரு சின்ன விஷயம் உண்டு. மெக்டெம்ப் கட்டளையால் தற்காலிக ஃபைலை உருவாக்கினால், உருவாக்கியவர் மட்டுமே படிக்கும்படி 600 அனுமதியோடு அது பிறக்கும். பெயர் மாற்றினாலும் அனுமதி மாறாது. ஏஜென்ட் தனிப் பயனராக ஓடுவதால் அதைப் படிக்க முடியாது. பெயர் மாற்றும் முன் 644 என்று அனுமதியைத் தளர்த்தி விட வேண்டும். ஏஜென்ட் படிக்க முடியாமல் தவிக்கிறதா என்பதைச் சொல்லவே 'டெக்ஸ்ட்ஃபைல் ஸ்கிரேப் எரர்' என்று ஒரு மெட்ரிக் அதனிடம் இருக்கிறது. அது பூஜ்ஜியத்திலிருந்து ஒன்றாக மாறினால் அலர்ட் வரும்படி ஒருமுறை எழுதி வைத்துவிட்டால், எல்லா ஸ்கிரிப்டுகளுக்கும் அதுவே போதும்.

எந்த எண்ணை அனுப்புவது என்பதுதான் நான் அதிகம் வாதாடும் இடம். பேக்கப் பற்றிச் சொல்ல வேண்டும் என்றால் பலர் 'கடைசி பேக்கப் எடுத்து எத்தனை மணி நேரம் ஆயிற்று' என்று கணக்குப் போட்டு அந்த எண்ணை எழுதுவார்கள். டாஷ்போர்டில் '2 மணி நேரம்' என்று பார்க்க நன்றாகவே இருக்கும். இப்போது கிரான் நின்றுபோகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். யாரோ கிரான் வரியைக் கமென்ட் செய்துவிட்டார்கள், அல்லது அந்தப் பயனர் கணக்கே முடக்கப்பட்டுவிட்டது. ஃபைல் அப்படியே இருக்கிறது. ஏஜென்ட் ஒவ்வொரு முறையும் அதைப் படித்து '2 மணி நேரம்' என்று சொல்லிக்கொண்டே இருக்கும். ஒரு மாதம் கழித்தும் பேக்கப் எடுத்து 2 மணி நேரம்தான். எல்லாம் பச்சை.

அதற்குப் பதிலாகக் கடைசியாக வெற்றி பெற்ற நேரத்தையே எழுதுங்கள், 1970 ஜனவரி 1 முதல் எத்தனை நொடி என்ற யூனிக்ஸ் கணக்கில். அது எவ்வளவு பழையது என்ற கழித்தலைப் புராமிதியஸ் செய்யட்டும். ஸ்கிரிப்ட் செத்தாலும் சர்வரின் கடிகாரம் ஓடும், இடைவெளி தானாக வளரும், 26 மணி நேரத்தைத் தாண்டியதும் அலர்ட் அடிக்கும். தினம் ஒருமுறை ஓடும் வேலைக்கு 24-ஐ எல்லையாக வைத்தால் பேக்கப் பத்து நிமிடம் தாமதமான நாளெல்லாம் தூக்கம் கெடும், அதனால்தான் அந்தக் கூடுதல் இரண்டு மணி நேரம்.

'கடைசியாக ஓடிய நேரம்', 'கடைசியாக வெற்றி பெற்ற நேரம்' இரண்டும் வேறு வேறு. இரண்டையும் தனித்தனி ஃபைல்களில் எழுதுவது என் வழக்கம். தோற்ற நாளில் முதல் ஃபைல் மட்டும் மாறும், இரண்டாவதைத் தொடவே மாட்டேன். ஒரே ஃபைலாக வைத்தால் ஒவ்வொரு ஓட்டத்திலும் முழுவதையும் மறுபடி எழுத வேண்டியிருக்கும், பழைய வெற்றி நேரத்தை எங்கிருந்தோ படித்துத் திரும்ப எழுதும் வேலை வந்து சேரும். அலர்ட் வரும் நேரத்தில் இந்த இரண்டு எண்களும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் பாதி விசாரணை முடிந்த மாதிரி. இரண்டும் பழையதாக இருந்தால் கிரானைப் பார்க்கணும். ஓடிய நேரம் புதிது, வெற்றி நேரம் பழையது என்றால் ஸ்கிரிப்டின் லாகைத் திறக்கணும்.

வரிசையில் தேங்கியவற்றை எண்ணும் ஸ்கிரிப்டுகளில் வேறு மாதிரி ஓட்டை இருக்கும். டேட்டாபேஸில் கேட்டு, வரும் வரிகளை எண்ணும் கட்டளைக்குப் பைப் போடுவார்கள். டேட்டாபேஸ் இணைப்பே கிடைக்காவிட்டால் வரி எதுவும் வராது, எண்ணிக்கை பூஜ்ஜியம். தேக்கமே இல்லை என்று டாஷ்போர்டு காட்டும் அந்த நேரத்தில் டேட்டாபேஸ் கீழே விழுந்து கிடக்கும். 'ஒன்றுமில்லை' என்பதும் 'தெரியவில்லை' என்பதும் ஒன்றாகிவிடக் கூடாது. 1999-இல் நெட்செயின்ட் என்ற பெயரில் தொடங்கிய நாகியோஸ் என்ற மானிட்டரிங் மென்பொருளில் இதை அழகாக யோசித்து வைத்திருந்தார்கள். அதன் ப்ளகின் தரும் எக்ஸிட் கோடுகள் நான்கு: 0 என்றால் நலம், 1 எச்சரிக்கை, 2 ஆபத்து, 3 என்றால் தெரியவில்லை. அந்த மூன்றாம் எண்ணை நான் பெரிதாக மதிக்கிறேன். எண்ண முடியவில்லை என்றால் பூஜ்ஜியம் எழுதாமல், எண்ண முயன்றது தோற்றது என்று தனி வரியில் சொல்லிவிட்டு ஸ்கிரிப்ட் வெளியேற வேண்டும்.

ஸாபிக்ஸ் என்ற இன்னொரு மானிட்டரிங் மென்பொருளைப் பயன்படுத்துபவர்களுக்கு வாசல் வேறு மாதிரி. ஏஜென்டின் அமைப்பு ஃபைலில் யூசர்பாராமீட்டர் என்று ஒரு வரி, அதில் ஒரு பெயர், ஒரு காற்புள்ளி, ஒரு கட்டளை. சர்வர் 10050 போர்ட்டில் வந்து அந்தப் பெயரைக் கேட்டால், ஏஜென்ட் கட்டளையை அப்போதே ஓட்டிப் பதிலைக் கொடுக்கும். சிறிய வேலைகளுக்கு அருமை. ஆனால் ஏஜென்டின் இயல்பான காலக்கெடு 3 நொடிதான். லட்சக்கணக்கான ஃபைல்கள் உள்ள டைரக்டரியின் அளவைக் கூட்டிச் சொல்லும் கட்டளையை அங்கே வைத்தால், பகலில் பதில் வரும், ராத்திரி டிஸ்க் பிஸியாக இருக்கும்போது வராது. காலக்கெடுவை நீட்டுவதை விட, கனமான வேலையைக் கிரானில் ஓட்டி விடையை ஒரு ஃபைலில் எழுதிவிட்டு, யூசர்பாராமீட்டர் அந்த ஃபைலை மட்டும் படிக்கும்படி செய்வது நல்லது.

அப்படிச் செய்யும்போது ஒன்றைக் கவனியுங்கள். பதில் வராமல் போனால் எச்சரிக்கும் நோடேட்டா என்ற வசதி ஸாபிக்ஸில் உண்டு. ஃபைலைப் படிக்கும் கட்டளைக்கு எப்போதும் பதில் கிடைத்துக்கொண்டே இருக்கும், பழைய பதிலாக இருந்தாலும். நோடேட்டா ஒருநாளும் விழிக்காது. இங்கேயும் வெற்றி நேரத்தைத்தான் நம்ப வேண்டும். நோடேட்டா உண்மையிலேயே உதவ வேண்டும் என்றால், ஸ்கிரிப்ட் தன் வேலை முடிந்ததும் ஸாபிக்ஸ் சென்டர் கருவியால் 10051 போர்ட்டுக்கு எண்ணைத் தானே தள்ளிவிட வேண்டும். ஸ்கிரிப்ட் நின்றால் தள்ளுவதும் நிற்கும், நோடேட்டா விழித்துக்கொள்ளும்.

சென்னையில் தலைமையகம் வைத்திருக்கும் ஸோஹோவின் சைட்24×7 ஏஜென்டில் எனக்குப் பிடித்த ஓர் அம்சமும் இதே விஷயம்தான். ப்ளகின் டைரக்டரிக்குள், ஸ்கிரிப்டின் பெயரிலேயே ஒரு ஃபோல்டர் போட்டு ஸ்கிரிப்டை அதில் வைக்க வேண்டும். அது ஜேசன் வடிவில் எண்களை அச்சிட வேண்டும். அந்த ஜேசனிலேயே 'இதயத்துடிப்பு தேவை' என்ற பொருளில் ஒரு புலம் இருக்கிறது. அதை உண்மை என்று வைத்தால், ப்ளகினிலிருந்து தரவு வராமல் போவதே அலர்ட் ஆகிவிடும். மௌனத்தை எப்படி எடுத்துக்கொள்வது என்பதை ஸ்கிரிப்ட் எழுதுபவரையே முடிவு செய்ய வைத்திருக்கிறார்கள்.

எண்களை அனுப்ப ஸ்டாட்ஸ்டி என்ற கருவியின் வழியும் உண்டு. 2011-இல் எட்ஸி நிறுவனம் வெளியிட்டது, 8125 போர்ட்டுக்கு ஒரு யூடிபி பாக்கெட்டை எறிந்துவிட்டுப் போகலாம். எதிர்முனையில் கேட்க ஆள் இல்லாவிட்டாலும் எறிந்தவருக்குத் தெரியாது. ஓடும் அப்ளிகேஷனுக்குள்ளிருந்து நொடிக்கு ஆயிரம் எண்ணிக்கைகளை அனுப்ப அது சரியான கருவி. ராத்திரி ஒருமுறை ஓடும் பேக்கப்புக்கு அதைப் பயன்படுத்த நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். புராமிதியஸின் புஷ்கேட்வே வேறு ரகம். அதில் தள்ளிய எண் நாமாக அழிக்கும் வரை அங்கேயே உட்கார்ந்திருக்கும், சர்வரையே தூக்கிப் போட்ட பிறகும். ஒரு குறிப்பிட்ட சர்வரோடு ஒட்டிய வேலைக்கு டெக்ஸ்ட்ஃபைலே போதும். லேபிள்களைப் பற்றி ஒரே வரி: பயனர் எண், ஆர்டர் எண் போன்றவற்றை லேபிளில் வைக்காதீர்கள், ஒவ்வொரு மதிப்புக்கும் ஒரு புதிய டைம் சீரீஸ் (தனியாகச் சேமிக்கப்படும் எண்களின் தொடர்) பிறந்து புராமிதியஸின் மெமரியைத் தின்றுவிடும்.

அலர்ட் விதியிலும் ஒரு பொறி இருக்கிறது. 'இப்போதைய நேரத்திலிருந்து வெற்றி நேரத்தைக் கழி, 26 மணி நேரத்தைத் தாண்டினால் அடி' என்று எழுதியாகிவிட்டது. சர்வரைப் புதிதாக நிறுவும்போது அந்த ஃபைலே இல்லாமல் போனால்? கழிக்க எண்ணே இல்லை, விடை வெறுமை, வெறுமைக்கு அலர்ட் வராது. முழுப் பாதுகாப்பும் சத்தமில்லாமல் காணாமல் போய்விடும். அப்சென்ட் என்ற செயற்பாட்டைச் சேர்க்கச் சொல்வார்கள், ஒரே ஒரு சர்வர் என்றால் அது சரிதான். இருபது சர்வர்களில் ஒன்றில் மட்டும் ஃபைல் இல்லையென்றால் மற்ற பத்தொன்பதும் இருப்பதால் அப்சென்ட் ஒன்றும் சொல்லாது. அங்கே கேள்வியைத் திருப்பிக் கேட்க வேண்டும்: உயிரோடு இருக்கும் சர்வர்களின் பட்டியலை எடு, அதிலிருந்து வெற்றி நேரம் சொல்பவற்றைக் கழி, மிச்சம் யாராவது இருந்தால் அடி. புராமிதியஸின் அப் மெட்ரிக்கையும் அன்லெஸ் என்ற இணைப்பையும் வைத்து இதை ஒரே வரியில் எழுதலாம். பேக்கப் ஃபைலின் அளவுக்கு வரைபடம் போடுவதற்கு முன்னால் இந்த வரியை எழுதிவிடுங்கள் என்று சொல்வேன்.

எழுதியதை அப்படியே நம்பவும் வேண்டாம். கிரான் வரியைக் கமென்ட் செய்துவிட்டு அலர்ட் வருகிறதா என்று காத்திருந்து பாருங்கள். டேட்டாபேஸ் கடவுச்சொல்லை ஸ்கிரிப்டில் தப்பாக மாற்றி ஓட்டுங்கள், ஓடிய நேரம் மாறி வெற்றி நேரம் மாறாமல் நிற்க வேண்டும். புரோம் ஃபைலை வேறு இடத்துக்கு நகர்த்திப் பாருங்கள். அலர்ட் போய்ச் சேரும் கைப்பேசியில் அது உண்மையாகவே ஒலிக்கிறதா என்பது வரைக்கும் போக வேண்டும், ஏனென்றால் கிட்லேப்பில் அறுந்திருந்தது கடைசி முழ தூரத்தில்தான்.

இவ்வளவும் செய்த பிறகும் நமக்குத் தெரிந்திருப்பது, ஒரு முழுமையான ஃபைல் நேற்று எழுதப்பட்டது என்பது மட்டுமே. அதிலிருந்து டேட்டாபேஸ் எழுந்து வருமா என்பது தெரியாது. அதற்கு இன்னொரு ஸ்கிரிப்ட் வேண்டும்: மாதம் ஒருமுறை கடைசி பேக்கப்பைத் தனி இயந்திரத்தில் மீட்டெடுத்து, முக்கியமான அட்டவணை ஒன்றில் எத்தனை வரிகள் வந்தன என்று எண்ணி, அந்த எண்ணையும் மீட்பு வெற்றி பெற்ற நேரத்தையும் இதே டெக்ஸ்ட்ஃபைல் வழியாக அனுப்புவது. நான் அதற்கு வைக்கும் எல்லை 40 நாள். பேக்கப் அலர்ட்டை நள்ளிரவில் அடிக்க விடுவேன். மீட்பு அலர்ட் பகலில் வந்தால் போதும், ஆனால் அதை யாரும் அமைதிப்படுத்தி வைக்க அனுமதிக்க மாட்டேன்.